கோட்டுப்படம் வரைய எந்த மென்பொருள்?

பட்டறையில் ஒரு துளை 2 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் இரும்பும் வீண், கூலியும் வீண். பெங்களூர் பீனியா பட்டறைகளில் உள்ள நம்மவர்கள் அளவுப்படம் வரையக் கற்பது நல்லது. அதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

'லிப்ரேகேட்' இலவசம். கொடுத்த அளவுக்கே கோடு விழும். தகடு, துளை, பிளான்ஜ் வரைய இது போதும். விளக்கப் புத்தகத்துக்குப் படம் போடும் குமாஸ்தாவுக்கு 'இங்க்ஸ்கேப்' ஏற்றது, அதுவும் இலவசமே.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். 1982-ல் வந்த 'ஆட்டோகேட்' மென்பொருளின் டி.டபிள்யூ.ஜி. கோப்பை முதலாளி கேட்டால், லிப்ரேகேட் தராது; டி.எக்ஸ்.எப். கோப்பாகவே சேமிக்கும். அதை ஆட்டோகேட்டில் திறக்கலாம். எனவே, எந்தக் கோப்பு வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படத்தை முழு அளவில் அச்சிட்டு, ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 100 மி.மீ. கோடு 100 மி.மீ. இருந்தால் மட்டும் பட்டறைக்குக் கொடுங்கள்.