உங்களுக்குத் தெரியுமா? பிசிஓஎஸ்ஸும் தாய்ப்பாலும்

ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். 1992 முதல் இதை நடத்திவரும் 'வாபா' கூட்டமைப்பின் செயலகம் நம் பினாங்கில்தான் இருக்கிறது!

பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பலர் குறையில்லாமல் பால் கொடுக்கிறார்கள். சிலருக்கு மட்டும், எத்தனை முறை குழந்தையை மார்பில் போட்டாலும் பால் போதாது. பால் சுரக்கும் திசு சரியாக வளராதது, உடலில் இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யாதது போன்றவை காரணமாக இருக்கலாம். பூண்டும் பால் சுறாவும் சமைத்துப் போட்டுவிட்டு, "இவ சரியா சாப்பிடல" என்று தாயைக் குறை சொல்வது வீண்பழி.

குழந்தை பிறந்து ஐந்தாம் நாளுக்குப் பிறகும் ஒரு நாளில் ஆறு பேம்பர்ஸ்கூட நனையவில்லையா? உடனே கிளினிக்கில் குழந்தையின் எடையைப் பாருங்கள். உங்களுக்கு பிசிஓஎஸ் இருப்பதையும் தாதியிடம் மறக்காமல் சொல்லுங்கள்.