பழைய ஆலயங்களும் பாதுகாப்புச் சட்டமும்: சிவகாசி வட்டாரச் சபைகளுக்குச் சில சிந்தனைகள்

கரிசல் நிலத்துச் சேகரம் ஒன்றை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். அங்குள்ள ஆலயம் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சுவரில் வெடிப்பு விழுந்துள்ளது. பண்டிகை நாள்களில் சபையாரில் பாதிப்பேர் வெளியே நிற்கின்றனர். தீப்பெட்டி ஆலையிலும் பட்டாசு ஆலையிலும் உழைத்துச் சேர்த்த பணத்தைக் காணிக்கையாகத் தந்து, “புதிய ஆலயம் எழும்பட்டும்” என்கின்றனர் இளைஞர். “எங்கள் பாட்டன்மார் கல் சுமந்து கட்டியதை இடிக்கலாகாது” என்கின்றனர் முதியோர். மூன்றாவது குரல் ஒன்றும் எழுகின்றது: “தொல்லியல் துறையிடம் எழுதிக் கொடுத்து, இதனைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கச் செய்யலாம்.” இம்மூன்று குரல்களுக்கும் நடுவே நிற்பவர் ஆயர். அந்த மூன்றாவது குரலின் பொருளை அவர் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் கூறுவது யாது?

நம் நாட்டில் பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டங்கள் இரு நிலைகளில் அமைந்துள்ளன. நாட்டளவில் முக்கியமானவை 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்கீழ் வருகின்றன. மாநில அளவில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. இவ்விரு சட்டங்களும் ஒரு கட்டடத்தைத் ‘தொன்மையானது’ எனக் கொள்ளுவதற்கு, அது நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்து வந்திருக்க வேண்டும் என்கின்றன.

ஒரு கட்டடத்தைப் பாதுகாக்கும்படி பரிந்துரைக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆய்வாளரும் எழுதலாம்; சபையும் எழுதலாம். ஆனால் அதனை ஏற்று நடவடிக்கை எடுப்பது அரசின் முடிவே. அரசு அங்ஙனம் கருதுமாயின், முதலில் தன் எண்ணத்தை அறிவிக்கையாக வெளியிடும். அவ்வறிவிக்கையின் படி ஒன்றைக் கட்டடத்தின் அருகே எல்லாரும் காணும் இடத்தில் ஒட்ட வேண்டும். அன்றிலிருந்து இரண்டு மாதங்களுக்குள், அதில் அக்கறையுடைய எவரும் தம் ஆட்சேபனையை எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அவற்றை ஆராய்ந்த பின்னரே இறுதி அறிவிப்பு வெளியாகும்.

பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டால் ஆலயம் அரசுடைமையாகிவிடும் என்ற அச்சம் சபைகளில் பரவலாக உண்டு. இது சரியன்று. அறிவிப்பினால் மட்டும் உரிமை மாறுவதில்லை. மத்தியச் சட்டத்தின்படி, உரிமையாளர் எழுத்து மூலம் பராமரிப்புப் பொறுப்பைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைத்தாலும் சொத்துரிமை அவரிடமே நிற்கும். வழக்கமான சமய வழிபாட்டிற்கும் அச்சட்டம் இடம் விட்டுள்ளது. சென்னைக் கோட்டையினுள் 1680ஆம் ஆண்டில் அர்ப்பணிக்கப்பட்ட தூய மரியாள் ஆலயம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கு ஆராதனையும் நடந்து வருகின்றது.

அச்சம் தவறு என்பதனால் சுமையே இல்லை எனக் கருதிவிடலாகாது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மத்தியப் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரையில் புதிய கட்டடம் எழுப்பத் தடை உண்டு. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரையில் முன் அனுமதி பெற வேண்டும். சென்னைச் சட்டக் கல்லூரி வளாகத்தில், ஆளுநர் எலிகு யேல் தம் மகனுக்கும் நண்பருக்கும் எழுப்பிய கல்லறை ஒன்று உள்ளது. 1921ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்டு வந்த அச்சின்னத்தை இடம் மாற்ற வேண்டுமென 2023இல் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அதன் அருகே வாகன நிறுத்துமிடம் கட்டுவதற்கு இந்தத் தொலைவு விதி தடையாக இருந்ததே காரணம். நகரத்தின் பெரிய நிறுவனத்திற்கே இவ்விடர்ப்பாடு என்றால், ஆலயத்தை ஒட்டிக் குடியிருக்கும் தொழிலாளி தம் ஓட்டு வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்ட எண்ணும்போது என்ன நேரும் என்பதை ஆயர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிற நாடுகளின் வழக்கம்

மற்ற இடங்களில் இதனை எவ்வாறு செய்கின்றனர் என்று காண்பது பயன் தரும். நம் மாநிலச் சட்டம் பிறந்த அதே 1966இல் அமெரிக்காவிலும் வரலாற்றுச் சின்னங்களுக்கான தேசியப் பதிவேட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அங்குப் பொதுவாக 50 ஆண்டுப் பழமை போதும். பரிந்துரை பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கூறக் காலம் தரப்படும். தனியார் சொத்தாயின், உரிமையாளர் ஆட்சேபித்தால் அது பதிவேட்டில் ஏறாது. வழிபாட்டு இடங்களுக்கு ஒரு தனி நிபந்தனையும் உண்டு: கட்டடக் கலையாலோ கலைச் சிறப்பாலோ வரலாற்றாலோ சிறந்திருந்தாலன்றி அவை ஏற்கப்படுவதில்லை. எந்தச் சமயத்தின் உண்மைக்கும் அரசு முத்திரையிடலாகாது என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை.

இங்கிலாந்துத் திருச்சபையில் வேறொரு முறை நிலவுகின்றது. ஆலயத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் செய்ய விரும்பும் சபை, திருமண்டல நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். அதற்கு முன் 28 நாள்கள் பொது அறிவிப்பு ஒட்டப்பட வேண்டும். அதனைக் கண்டு ஆட்சேபனை எழுத அவ்வூரார்க்கு உரிமை உண்டு. ஆக, கருத்துக் கேட்கும் கடமையை அங்குத் திருச்சபையே தன்மேல் ஏற்றுக்கொண்டுள்ளது.

நம் வட்டாரத்தில் எது பழமை?

விருதுநகர் மாவட்டத்தில் பழமைக்குக் குறைவில்லை. வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை அருகே 2022 முதல் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகள் சங்கு வளையல்களையும் சுடுமண் பொருள்களையும் வெளிக்கொணர்ந்தன. பட்டாசு ஆலைகள் நிறைந்த நிலத்தின் அடியில் பண்டைய கைத்தொழிலாளரின் ஊர் ஒன்று இருந்தமை நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. விருதுநகர்த் தெரு ஒன்றில் காமராசர் வாழ்ந்த எளிய வீட்டை அரசு நினைவில்லமாகப் போற்றி வருகின்றது. அரண்மனையும் கோபுரமும் மட்டுமே காக்கத்தக்கவை என்னும் கருத்துக்கு அச்சிறு வீடு நல்ல மறுமொழி.

சிவகாசியின் தீப்பெட்டித் தொழில், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுத் திரும்பிய பின் 1923இல் தொடங்கியது. ஆகவே அத்தொழிலின் முதல் கூரைகள் சட்டம் கூறும் நூறாண்டு எல்லையை அண்மையில்தான் எட்டியுள்ளன. குச்சி அடுக்கிய திண்ணையும், பெட்டி ஒட்டிய தாழ்வாரமும், நம் சபை மக்கள் தலைமுறைகளாக உழைத்த இடங்களும் எவர் பட்டியலிலும் ஏறாமலே மறையக் கூடும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 38 பேருக்குக் குறையாமல் மாண்டனர். உதவி செய்ய ஓடி வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அத்தகைய இடத்தின் நினைவைக் காக்க நூறாண்டு காத்திருக்க இயலுமா? சட்டத்தின் அளவுகோல் காலம். திருச்சபையின் அளவுகோல் அதனினும் அகன்றதாக இருக்க வேண்டும்.

ஒரு கட்டடத்தின் வரலாற்றை எழுதும்போது, அதனுள் நின்றவரோடு வெளியே நிறுத்தப்பட்டவரையும் எழுத வேண்டும். கோயில் நுழைவுரிமை பற்றிய பூசல் 1899இல் சிவகாசியைத் தீக்கிரையாக்கியதை இவ்வட்டாரம் மறக்கவில்லை. நம் ஆலயங்கள் சிலவற்றிலும் கூட, யார் முன்னே அமர்ந்தார், யார் கதவருகே தரையில் அமர்ந்தார் என்னும் கேள்விக்கு விடை இனிமையாக இராது. அதனை மறைத்து எழுதும் பரிந்துரை பாதி உண்மையையே காக்கும்.

கூடாரமும் கல்லும்

சிவகாசி வட்டாரத்திற்கு நற்செய்தி வந்த வரலாற்றிலேயே இவ்விவாதத்திற்கு ஒரு பாடம் உண்டு. கேம்பிரிட்ஜில் கல்லூரி ஆய்வாளராக இருந்த தாமஸ் ராக்லண்ட், டேவிட் ஃபென், மெடோஸ் ஆகியோருடன் 1854இல் வட திருநெல்வேலியில் சுற்றுப்பயண ஊழியத்தைத் தொடங்கினார். மாளிகை கட்டி அமராமல், கூடாரமடித்து ஊர் ஊராகச் செல்வதே அவர்கள் தெரிந்துகொண்ட முறை. ராக்லண்ட் 1858இல் சிவகாசியில் இறந்தார். கூடார ஊழியம் சுவர்களை விட்டுச் செல்வதில்லை. அதனை எந்தத் தொல்லியல் பட்டியலில் சேர்ப்பது? எனினும், சிவகாசியை அடுத்து எழுந்த கிறிஸ்தவக் குடியிருப்பு இன்றும் சாட்சியாபுரம் என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கல் தாங்காததைப் பெயர் தாங்கியுள்ளது.

மறைநூலும் இவ்விரு பக்கங்களையும் அறியும். யோர்தானைக் கடந்தபின் யோசுவா பன்னிரண்டு கற்களை நாட்டியது, பின்வரும் பிள்ளைகள் அவற்றின் பொருளைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே. பிள்ளை கேட்பதும் பெற்றோர் விடை கூறுவதும் நின்றுவிட்டால் அவை வெறுங்கற்களே. ஆலயம் இருக்கிறது என்பதையே பாதுகாப்பாகக் கருதி அநீதியில் வாழ்ந்தோரை எரேமியா கடிந்துகொண்டார் (எரே. 7). அதே எரேமியா, நகரம் முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில் ஆனதோத்தின் நிலத்தை வாங்கிச் சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, அது நெடுநாள் நிலைத்திருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார் (எரே. 32). கட்டடத்தின்மேல் குருட்டு நம்பிக்கை வைக்கலாகாது என்று கூறிய அவரே, ஆவணத்தைப் பேணுவதை நம்பிக்கையின் செயலாகக் கண்டார். நம் சபைகள் பின்பற்றத்தக்க வழி இதுவெனலாம்.

சேகரம் செய்யத்தக்கவை

முதலாவது, சான்றுகளைத் திரட்ட வேண்டும். அடிக்கல் எழுத்து, ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, மிஷன் அறிக்கைகள் ஆகியவை ஆலயத்தின் வயதை நிறுவ உதவும். பட்டாவையும் புல வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வெடிப்பின் காரணத்தை அறிய வேண்டும். கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும் இயல்புடையது. ஆதலால் சுவர் வெடிப்பு யாவும் முதுமையின் அடையாளமாகா. அடித்தளத்தைச் சீர்செய்தால் நிற்கக் கூடிய சுவர்களும் உண்டு. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். பழங்கட்டடங்களை அறிந்த பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை இடிப்பதோ பூசுவதோ வேண்டாம்.

மூன்றாவது, தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சேகரமாயின், சொத்தின் சட்ட உரிமை பெரும்பாலும் அதன் பொறுப்பாண்மைச் சங்கத்திடம் இருக்கும். சேகரக் குழு மட்டும் கையொப்பமிட்டு அனுப்பும் மனு போதாது; திருமண்டலத்தின் ஒப்புதலோடு அனுப்ப வேண்டும்.

நான்காவது, அரசு கேட்குமுன் சபை கேட்க வேண்டும். இடிப்பதாயினும் பரிந்துரைப்பதாயினும், அதனை ஆலயக் கதவில் எழுதி ஒட்டி ஒரு மாதமாவது காத்திருக்கலாம். எழுதத் தெரியாதவர் கூறுவதைப் பிறர் எழுதிக்கொள்ளலாம். காலையில் ஆலை வண்டியேறி இரவில் திரும்பும் பெண்களுக்கு ஏற்ற நேரத்தில் கூட்டம் வைக்க வேண்டும். பக்கத்தில் குடியிருக்கும் பிற சமயத்தாரையும் அழைக்க வேண்டும்; 100 மீட்டர் விதி அவர்கள் வீட்டையும் தொடும்.

ஐந்தாவது, முடிவு எதுவாயினும் ஆலயத்தை அளந்து, வரைந்து, நிழற்படம் எடுத்து, முதியோரின் நினைவுகளை எழுதி வைக்க வேண்டும். இடிக்கவே நேர்ந்தாலும் அந்த ஏடு மண்பாண்டத்துப் பத்திரம்போல் நிலைத்திருக்கும்.

இத்தகைய வழக்கில் ஆயர் எந்தக் கட்சியில் நிற்பது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முதலில் அவர் நிற்க வேண்டிய இடம் அறிவிப்பு ஒட்டப்பட்ட கதவருகே. சட்டம் அளிக்கும் இரண்டு மாதங்கள் மனு எழுதத் தெரிந்தவருக்கே பயன்படுவது வழக்கம். அந்நாள்கள் தீருமுன், பேசப் பழகாதவரின் சொல்லும் பதிவாகச் செய்வது ஆயரின் பணி. தம் சொல்லும் கேட்கப்பட்டது என்று அறிந்த சபை, சுவர் நின்றாலும் வீழ்ந்தாலும் ஒன்றுபட்டு நிற்கும். இவ்வட்டாரத்து ஆயர்கள் தம் ஆலயப் பெட்டிகளைத் திறந்து, பழைய பதிவேடுகளை இவ்வாண்டே வெயிலில் காய வைத்துத் தூசி தட்டுவார்களாயின், அதுவே நல்ல தொடக்கம்.