எப்படி இயங்குகிறது? பேட்டரி சொல்ல, சார்ஜர் கேட்க

கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் உக்கிராணத்தைப் பார்த்துக்கொள்பவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் அரிசி எவ்வளவு மிச்சம், எந்த அண்டா நிரம்பிவிட்டது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பந்தி விசாரிப்பவர் "அண்ணே, இன்னொரு பந்தி தாங்குமா?" என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் அடுத்த வரிசைக்கு இலை போடச் சொல்வார்.

மின்கம்பம் எட்டாத இடத்தில் சோலாரை நம்பி ஓடும் வீட்டிலும் இதே ஏற்பாடுதான். லித்தியம் பேட்டரி உக்கிராணம். அதற்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற சர்க்யூட் போர்டு உக்கிராணக்காரர். சரக்கு கொண்டுவந்து இறக்குவது சோலார் சார்ஜர். எடுத்துப் பரிமாறுவது இன்வெர்ட்டர். பந்தி விசாரிப்பது மானிட்டர். விக்ட்ரானின் செர்போ ஜிஎக்ஸ் மானிட்டரும் பைலான்டெக் பேட்டரியும் பல நாடுகளில் சேர்த்துப் போடப்படும் ஜோடி என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

பழைய லெட்-ஆசிட் பேட்டரிக்கு இந்த ஆள் தேவைப்படவில்லை. 12.7 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி என்று மீட்டரை வைத்தே குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் அப்படியில்லை. முக்கால் காலியானாலும் ஒரு செல்லின் வோல்டேஜ் 3.2, 3.3 என்ற இடத்தைவிட்டு அதிகம் நகராது. அதே சமையல்கட்டில் இருக்கும் கேஸ் சிலிண்டரைப் பாருங்கள், தீரும்வரை தீ ஒரே மாதிரிதான் எரியும். வெளியே நின்று வோல்டேஜை மட்டும் பார்த்துச் சதவீதம் காட்டும் மானிட்டர், தீயைப் பார்த்து சிலிண்டரை அளக்கிறது.

இருப்புக் கணக்கு தெரியாததுகூடப் பெரிய ஆபத்தில்லை. நிரப்பும்போதுதான் வம்பு. 48 வோல்ட் பைலான்டெக் பேட்டரியில் 15 செல்கள் வரிசையாக இருக்கின்றன. 52.4 வோல்ட் வரை சார்ஜ் செய்யலாம் என்று வைத்திருக்கிறோம். ஒரு செல் மட்டும் முந்திக்கொண்டு 3.65 வோல்ட் என்ற உச்சத்தைத் தொட்டுவிட்டது, மற்ற 14-ம் 3.40-இல் நிற்கின்றன. கூட்டிப் பாருங்கள்: 51.25 வோல்ட். சார்ஜருக்குத் தெரிவது இந்த மொத்தம் மட்டுமே. இன்னும் இடமிருக்கிறது என்று அது ஊற்றிக்கொண்டே இருக்கும், ஓர் அண்டா மட்டும் பொங்கி வழியும். ஒவ்வொரு அண்டாவையும் எட்டிப் பார்ப்பவர் உக்கிராணக்காரர் ஒருவர்தான். வாய் திறக்க வழியில்லாவிட்டால் அவரால் செய்ய முடிவது ஒன்றே, கதவைப் படாரென்று சாத்துவது. வீடு ஒரே நொடியில் இருட்டாகிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் சார்ஜருக்கும் அது நல்லதல்ல. பேச வழியிருந்தால் "மெதுவா ஊத்துப்பா" என்று முன்கூட்டியே சொல்லியிருப்பார்.

அந்தப் பேச்சு நடப்பது கேன் பஸ் என்ற கம்பி ஜோடியில். காருக்காக பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986-இல் வெளியிட்ட முறை இது. கேன்-ஹை, கேன்-லோ என்று இரண்டு கம்பிகள். ஒன்றில் வோல்டேஜ் ஏறும்போது மற்றதில் இறங்கும், கேட்பவர் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வார். இன்வெர்ட்டர் கிளப்பும் மின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறுவதால் கழிந்துபோகும். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் குரல் தெளிவாகக் கேட்க இதுதான் வழி.

உக்கிராணக்காரர் யாரும் கேட்கும்வரை காத்திருப்பதில்லை, நொடிக்கொருமுறை தானே கூவுகிறார். ஒவ்வொரு கூவலுக்கும் ஓர் எண் உண்டு. 355 என்றால் இருப்புச் சதவீதம், 356 என்றால் வோல்டேஜ், கரண்ட், வெப்பநிலை. முக்கியமானது 351. அதன் முதல் இரண்டு பைட்டில் 524 என்று வந்தால் "52.4 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதே" என்று அர்த்தம். அடுத்த இரண்டில் 370 வந்தால் "37 ஆம்பியருக்கு மேல் ஊற்றாதே". அதற்கடுத்தது எடுப்பதற்கான வரம்பு. மானிட்டர் இதை வாங்கி சார்ஜருக்கும் இன்வெர்ட்டருக்கும் கடத்துகிறது. விக்ட்ரானில் அந்த வேலைக்கு டிவிசிசி என்று பெயர். ஊட்டியில் உறைபனி விழும் ராத்திரியில் செல் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால், சார்ஜ் வரம்பைப் பூஜ்யமாக்கிவிடவும் பி.எம்.எஸ்.ஸால் முடியும். திரையில் மின்னும் சதவீதம் அழகுக்கு. கேபிள் போடுவது இந்த 351-க்காகத்தான்.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு பெரும்பாலும் கவிழ்வது ஒரு சாதாரண பிளக்கில். இரு பக்கமும் இருப்பது லேன் கேபிள் சொருகும் அதே ஆர்ஜே45 சாக்கெட். கையில் கிடைத்த லேன் கேபிளைச் சொருகினால் கச்சிதமாக உட்காரும், பேச்சு மட்டும் வராது. பைலான்டெக் பேசுவது 4, 5 பின்களில். விக்ட்ரான் காது வைத்திருப்பது 7, 8 பின்களில். இதற்கென்றே கம்பி மாற்றிய கேபிள் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். பேட்டரிகள் பல இருந்தால் கேபிள் போகவேண்டியது மாஸ்டருக்கு. லிங்க் போர்ட் 0 காலியாக இருப்பதுதான் மாஸ்டர். வேகமும் ஒத்துப்போகவேண்டும். பேட்டரி 500 கிலோபிட் வேகத்தில் பேசும்போது மானிட்டரின் போர்ட் 250-இல் வைக்கப்பட்டிருந்தால் ஒரு சொல்கூடப் புரியாது.

கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர் வேண்டும். இல்லையென்றால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி, வரும் பேச்சோடு குழம்பும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மல்டிமீட்டரில் ஹைக்கும் லோவுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்டவேண்டும். 120 காட்டினால் ஒன்று குறைகிறது.

கேன் போர்ட்டே இல்லாத, புளூடூத் மட்டும் உள்ள பேட்டரியை ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஷன்ட் போட்டுக்கொள்ளலாம். உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்ததையும் எண்ணிச் சதவீதத்தைத் தரும். அது வாசலில் உட்கார்ந்து சிட்டை எழுதும் கணக்குப்பிள்ளை. எந்த அண்டா வழிகிறது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே சார்ஜர் அமைப்பில் வோல்டேஜைச் சற்றுத் தாழ்வாகவே வையுங்கள். கேனுக்குப் பதில் ஆர்எஸ்485 என்ற வேறொரு பேச்சு வழி உள்ள பி.எம்.எஸ். என்றால் மானிட்டரில் ஏற்றிக்கொள்ள ஆர்வலர்கள் எழுதிய இலவச டிரைவர் இருக்கிறது. லினக்ஸ் கட்டளைக்கு அஞ்சாதவர்கள் முயலலாம், மற்றவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

வாங்கும் முன் "கேன் இருக்கிறதா?" என்று கேட்பது போதாது, உங்கள் மானிட்டர் நிறுவனத்தின் பொருந்தும் பேட்டரிப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். பொருத்தி முடித்ததும், வெயில் நன்றாக இருக்கும் ஒரு நேரத்தில், கேபிளை வேண்டுமென்றே பிடுங்கிப் பாருங்கள். சற்று நேரத்தில் சார்ஜ் நின்று, விக்ட்ரானில் 67-ஆம் எண் பிழை வந்தால் வேலை சரி. எதுவுமே நடக்காமல் சார்ஜ் தொடர்ந்தால், பொருத்தியவரை மறுபடி கூப்பிடுங்கள்.