கட்டிடத்தின் தளத்தைக் கழற்றி வேறு ஊரில் மாட்ட முடியுமா?

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 2016-ல் ஒரு தற்காலிக நீதிமன்றக் கட்டிடம் எழுந்தது. பக்கத்தில் புதிய வளாகம் கட்டி முடிக்கும் வரை, சுமார் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே அது தேவை. வேலை முடிந்தால் இப்படிப்பட்ட கட்டிடத்தை இடிச்சுத் தள்ளுறதுதான் வழக்கம். ஆனால் இதைப் பாகம் பாகமாகக் கழற்றி, என்ஸ்கெடே நகருக்குக் கொண்டுபோய் அலுவலகக் கட்டிடமாக மறுபடி நிறுத்திவிட்டார்கள்.

ஸ்டீல் தூணையும் உத்தரத்தையும் போல்ட் கழற்றிப் பிரிப்பது பெரிய விஷயமில்லை. சிக்கலே தளத்தில்தான்.

தளத்தில் என்ன சிக்கல்?

பல மாடி ஸ்டீல் கட்டிடங்களில், உத்தரத்தின் மேல் தகடு விரித்து, அதன் மேல் கான்கிரீட் ஊற்றுவார்கள். அதற்கு முன் உத்தரத்தின் மேல்பக்கம் வரிசையாக ‘ஸ்டட்’ எனும் தலையுள்ள கம்பிகளை வெல்டிங் வைப்பார்கள். எதுக்கு இது?

ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்க. தாள்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், சுலபமாக வளையும். அதே தாள்களைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் வளைப்பது கஷ்டம். ஸ்டட் செய்வது அந்தப் பசையின் வேலை. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், ஸ்டீல் இழுவிசையைத் தாங்கும். இரண்டும் வழுக்காமல் சேர்ந்து வேலை செய்வதால், சின்ன உத்தரமே பெரிய பாரத்தைச் சுமக்கிறது.

ஆனால் அந்தப் பிடிப்பே பிறகு வினையாகிறது. கான்கிரீட்டை உடைக்காமல் உத்தரத்தை எடுக்க முடியாது. உடைத்த கான்கிரீட் சாலைக்கு அடியில் ஜல்லியாகப் போகும்; அதிலிருந்த சிமென்ட் திரும்பக் கிடைக்காது. ஸ்டீல் உலைக்குப் போகும். மறுசுழற்சி நல்லதுதான். ஆனால் சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் உருக்குவதற்கும், அதே உத்தரத்தை அப்படியே எடுத்து மாட்டுவதற்கும் செலவாகும் ஆற்றலில் எவ்வளவு வித்தியாசம்!

மாற்று வழி என்ன?

ஆம்ஸ்டர்டாமில், தொழிற்சாலையில் வார்த்த உள்துளையுள்ள கான்கிரீட் பலகைகளை, கழற்றக்கூடிய தனி இணைப்புகளால் உத்தரத்தோடு பொருத்தினார்கள்.

அமெரிக்காவின் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் ஹஜ்ஜார் குழு ஆராய்ந்தது இன்னொரு வழி. கான்கிரீட் பலகையை வார்க்கும்போதே அதன் அடிப்பக்கம் ஸ்டீல் கால்வாய்களைப் பதித்துவிடுவார்கள். அதில் போல்ட்டை நுழைத்து, ஒரு கிளாம்ப் மூலம் உத்தரத்தின் விளிம்பைக் கவ்வி இறுக்குவார்கள். உராய்வே வழுக்கலைத் தடுக்கும். வெல்டிங் இல்லை, உத்தரத்தில் துளையும் இல்லை. போல்ட்டைத் தளர்த்தினால் இரண்டும் முழுசாகக் கையில் வரும். முழு அளவு உத்தரங்களில் நடந்த சோதனைகளில், இந்த இணைப்பு இரண்டையும் சேர்த்தே வேலை செய்ய வைத்தது.

அப்புறம் ஏன் எல்லோரும் செய்வதில்லை?

முதல் காரணம், துல்லியம். ஊற்றும் கான்கிரீட் மேடு பள்ளத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். பலகைகள் அப்படியில்லை, அளவு கச்சிதமாக இருக்கணும். இரண்டாவது, ஆவணம். 50 ஆண்டு கழித்து எடுக்கும் உத்தரம் எந்தத் தரம், எவ்வளவு பாரம் தாங்கியது என்ற பதிவு இல்லாவிட்டால், எந்தப் பொறியாளரும் துணிந்து கையெழுத்துப் போட மாட்டார்.

மூன்றாவதுதான் பெரிசு: பணம். கூடுதல் செலவு இன்று கட்டுபவருக்கு. லாபம் நாளை கழற்றுபவருக்கு. ஆம்ஸ்டர்டாமில் இந்த முடிச்சு அவிழ்ந்ததற்குக் காரணம், 5 ஆண்டில் கழற்ற வேண்டும் என்று ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. பயன்பாடு முடிந்த பிறகு கட்டிடம் என்னவாகும் என்பதையும் கட்டும் தரப்பே யோசித்தாக வேண்டியிருந்தது.

மற்ற கட்டிடங்களுக்கு அப்படித் தேதி குறிப்பதில்லை. ஆனால் அவையும் ஒருநாள் இறக்கப்படும். அன்று கையில் உத்தரம் வருமா, ஜல்லி வருமா என்பது இடிக்கிற நாளில் முடிவாவதில்லை; வரைபடம் போடுற நாளிலேயே முடிவாகிவிடுகிறது.