திருதராஷ்டிரனாக நடித்த போலந்துக்காரர்: தெரியுமா உங்களுக்கு?

பீட்டர் புரூக்கின் மகாபாரதம் பார்த்திருக்கிறீர்களா? அதில் கண் தெரியாமல் தடவித் தடவி வரும் திருதராஷ்டிரன் ஒரு போலந்துக்காரர் என்பது தெரியுமா? பெயர் ரிஷார்ட் செஷ்லாக். அதற்கு இருபது வருஷம் முன்பே ஐரோப்பிய நாடகக்காரர்களைத் தூங்கவிடாமல் செய்தவர்! சோதனை நாடகம் என்று பேச ஆரம்பித்தால் இன்றும் அவர் பெயரில்தான் வந்து நிற்கிறார்கள். அவரைப் பற்றி இன்னும் என்னென்ன இருக்கிறது தெரியுமா?

பொம்மையில் தொடங்கிய உடம்பு!

1937-இல் போலந்தின் காலிஷ் நகரில் பிறந்த செஷ்லாக், கிராக்கூவ் நாடகப் பள்ளியில் படித்தது எந்தப் பிரிவில் தெரியுமா? பொம்மலாட்டம்! மரத்துக்கும் துணிக்கும் உயிர் கொடுக்கக் கற்றுக்கொண்டு வந்தவர், பிறகு தன் உடம்பையே கருவியாக்கிக்கொண்டார். விரல் நுனி, தோள்பட்டை, முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேசும்!

பெயரே 13 வரிசை!

1960-களின் தொடக்கத்தில் அவர் போய்ச் சேர்ந்த குழுவின் பெயர் என்ன தெரியுமா? ‘13 வரிசை நாடக அரங்கு’! ஓப்போலே என்ற சிறு நகரத்தில் ஜெர்ஸி குரோட்டோவ்ஸ்கி என்ற இளம் இயக்குநரும் லூத்விக் ஃபுளாஷன் என்ற விமர்சகரும் 1959-இல் பொறுப்பேற்று நடத்தியது. 1965-இல் விரோட்ஸ்வாஃப் நகருக்கு இடம் மாறியது. ‘ஆய்வுக்கூட நாடகம்’ என்று உலகம் கொண்டாடியது இந்தக் கைப்பிடி அளவுக் குழுவைத்தான்!

ஒப்பனைப் பெட்டியே கிடையாது!

குரோட்டோவ்ஸ்கி சொன்னது ‘ஏழை நாடகம்’. சினிமாவோடு போட்டி போட்டு நாடகம் ஜெயிக்காது. அதனால் விளக்கு ஜாலம் வேண்டாம், ஒப்பனை வேண்டாம், நடிகரும் பார்வையாளரும் இருந்தால் போதும் என்றார். அப்படியானால் முகமூடிக்கு எங்கே போவது? 1962-இல் வந்த ‘அக்ரோப்போலிஸ்’ நாடகத்தில் நடிகர்கள் முகத்துத் தசைகளை இறுக்கி, நாடகம் முடியும்வரை அதே கோலத்தில் வைத்திருந்தார்கள். சொந்த முகமே முகமூடி! மூல நாடகத்தில் ஒரு தேவாலயத்தின் சிலைகளும் சித்திரங்களும் உயிர்பெற்று எழும். இவர்களோ அதை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு மாற்றினார்கள். இதில் நெஞ்சை உலுக்குவது என்ன தெரியுமா? அந்த நாடகத்தின் வடிவமைப்பில் பங்கெடுத்த யூசெஃப் ஷாய்னா, ஆஷ்விட்ஸில் கைதியாக இருந்து உயிர் பிழைத்தவர்!

கிணற்றை எட்டிப் பார்ப்பது போல ஒரு நாடகம்!

1965. ‘உறுதி குலையாத இளவரசன்’. மூலம் ஸ்பெயினின் கால்டெரோன் எழுதியது; போலந்துக் கவிஞர் சுவோவாட்ஸ்கி தம் மொழியில் ஆக்கியது. எதிரி நாட்டில் சிறைப்பட்ட இளவரசன், நகரத்தைக் கொடுத்து உயிரை மீட்க மறுத்துச் சித்திரவதையில் சாகிறான். செஷ்லாக்குக்கு உடை என்ன? வெள்ளைச் சட்டை, இடுப்புத் துணி, ஒரு சிவப்புத் துணி. அவ்வளவுதான்! பார்வையாளர்கள் எங்கே? உயரமான பலகை வேலிக்குப் பின்னால், கிணற்றுச் சுவரில் கை ஊன்றிக் குனிகிறவர்களைப் போலத் தலையை மட்டும் நீட்டியபடி! கீழே, நடுவில் ஒரு மரமேடை. அறுவை சிகிச்சையைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிற உணர்வு. குரோட்டோவ்ஸ்கியின் போக்கைச் சந்தேகத்தோடு பார்த்துவந்த விமர்சகர் யூசெஃப் கெலெராகூட, இந்த நடிகர் உள்ளிருந்து ஒளிர்கிறார் என்கிற பொருளில் எழுத வேண்டியதாகிவிட்டது!

துடித்தது வலியாலா? இல்லவே இல்லை!

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம்! பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு தியாகியின் மரண வேதனையைப் பார்த்ததாக நினைத்தார்கள். செஷ்லாக் உள்ளே நினைத்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? விடலைப் பருவத்தில் வந்த முதல் காதலை! இயக்குநரும் அவரும் மட்டும், மற்ற நடிகர்களை உள்ளே விடாமல், மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். அந்தக் காதல் நாளில் உடம்பு எப்படி நடுங்கியது, கை எங்கே போனது, மூச்சு எங்கே நின்றது என்று ஒவ்வோர் அசைவாக மீட்டெடுத்தார்கள். வலியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை! அந்த அசைவுகளின் மேல் இளவரசனின் வசனம் ஏறியது. சுற்றிலும் வதைப்பவர்கள் வந்து நின்றார்கள். காதல், வேதனையாகத் தெரிந்தது. 1990-இல் செஷ்லாக் மறைந்த பிறகு, பாரிசில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் குரோட்டோவ்ஸ்கி இதை விரிவாகச் சொன்னார்!

ஊமைப் படமும் உருவமில்லாக் குரலும்!

சாமி வந்தவர் போல ஆடுகிறாரே, நாளைக்கு இதேபோல் ஆட முடியுமா என்று கேட்கத் தோன்றுகிறதா? பதில் இதோ! அந்த நாடகத்தை யாரோ ஒருமுறை ஒலியில்லாமல் படம் பிடித்திருந்தார்கள். வேறொரு சமயம் நடந்த நிகழ்ச்சியின் ஒலி மட்டும் பதிவாகியிருந்தது. பின்னாளில் இத்தாலியில் இரண்டையும் சேர்த்து ஓட்டினார்கள். என்ன ஆனது தெரியுமா? உதடும் குரலும், மூச்சும் அசைவும் பொருந்தி ஓடின! ஆவேசம் என்று நினைத்தது அத்தனையும் தாளக்கணக்கு! மிருதங்கக்காரருக்குத் தனி ஆவர்த்தனத்தில் கணக்குத் தவறாததைப் போல, இவருக்கு உயிர் உருகும்போதும் கணக்குத் தவறவில்லை.

பூனையிடமும் பாடம், கேரளத்திலிருந்தும் பாடம்!

அந்தக் குழுவின் புகழ்பெற்ற பயிற்சிகளில் ஒன்றின் பெயர் ‘பூனை’! தூங்கி எழுந்த பூனை முதுகை நெளித்து நீட்டுமே, அதுவேதான். ஹடயோக ஆசனங்களையும் செய்து பார்த்தார்கள். ஆனால் ஆசனம் மனத்தை உள்ளே இழுக்கிறது, நடிகருக்கோ வெளியே பாயவேண்டும். அதனால் அவற்றை ஓட்டமும் அசைவுமாக மாற்றிவிட்டார்கள்! குழுவோடு இருந்த இத்தாலியர் யூஜீனியோ பார்பா 1963-இல் கேரள கலாமண்டலத்துக்கு வந்து கதகளிப் பயிற்சியைப் பார்த்துப் போனார். அதுவும் இவர்கள் பயிற்சிக்குள் நுழைந்தது. 1972-இல் டென்மார்க்கில், பார்பாவின் குழுவைச் சேர்ந்த இரண்டு இளம் நடிகர்களுக்கு செஷ்லாக் கற்றுக்கொடுப்பதைப் படமாகவே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

விசா கிடைக்கவில்லை, கிடைத்தபோது தேவாலயம்!

1968-இல் வார்சா ஒப்பந்தப் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. போலந்துப் படையும் அதில் உண்டு. பலன்? இந்த நாடகக்காரர்களுக்கு அமெரிக்க விசா மறுக்கப்பட்டது! மறு வருஷம் நியூயார்க் போனார்கள். நடித்த இடம் எது தெரியுமா? கிரீனிச் வில்லேஜில் ஒரு மெத்தடிஸ்ட் தேவாலயம்! ‘அபோக்கலிப்சிஸ் கும் ஃபிகூரிஸ்’ நாடகத்துக்கு ஒரு காட்சிக்குச் சுமார் 40 பேருக்குத்தான் இடம். அத்தனை பெரிய ஊரில் வாசலில் எப்படி நெருக்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்!

அங்கே இருண்டவன், இங்கே குருடன்!

அந்த நாடகத்தில் செஷ்லாக்கின் பாத்திரத்துக்குப் பெயர் ‘சியெம்னி’. போலந்து மொழியில் இருண்டவன் என்று பொருள். அறியாதவன் என்றும் சொல்லலாம். பழைய வழக்கில் கண் தெரியாதவன் என்றும் சொல்லலாம்! 1966-இல் லண்டனில் தம் நடிகர்களுக்குப் பயிற்சி தர குரோட்டோவ்ஸ்கியோடு செஷ்லாக்கையும் அழைத்தவர் பீட்டர் புரூக். 1984-இல் ஆய்வுக்கூட நாடகம் கலைந்தது. மறு வருஷமே புரூக் அவருக்குக் கொடுத்த வேஷம், பிறவிக் குருடனான அஸ்தினாபுரத்து அரசன்! பிரான்சில் அவிஞோன் அருகே ஒரு கல் குவாரியில், ஒன்பது மணி நேரம்! துரோணர் ஜப்பானியர் யோஷி ஓய்தா, பீஷ்மர் மேற்கு ஆப்பிரிக்கக் கதைசொல்லி மரபில் வந்த சோட்டிகி கூயாட்டே, திரௌபதி நம் மல்லிகா சாராபாய்! 1989-இல் திரைப்படமாகவும் வந்தது. 1990 ஜூனில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் செஷ்லாக் காலமானார். வயது 53.

கடைசியாக, நம் திருவண்ணாமலை!

இரண்டாம் உலகப் போர் நாட்களில், போலந்தில் ஒரு கிராமம். ஒரு தாய் தன் சிறுவனுக்குப் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவற்றில் ஒன்று, பால் பிரண்டன் தம் இந்தியப் பயணத்தைப் பற்றி எழுதியது. அதில் ரமண மகரிஷியைப் படித்த சிறுவன் ஆடிப்போகிறான். அந்தச் சிறுவன்தான் குரோட்டோவ்ஸ்கி! 1999-இல் அவர் இத்தாலியில் இறந்தபோது அஸ்தியை எங்கே தூவினார்கள் தெரியுமா? அருணாசல மலையில்!

பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்களே, அடுத்த முறை ஒரு நிமிஷம் நின்று மலையை அண்ணாந்து பாருங்கள். ஒரு நடிகனின் முதல் காதலைக் கேட்டு, அதை உலகத்துக்கு வேதனையாகக் காட்டிவிட்டு, அவன் போன பிறகு உண்மையைச் சொன்ன மனிதர் அங்கேதான் எங்கோ மண்ணோடு மண்ணாகக் கலந்திருக்கிறார்!