தப்தரின் ஆயுள் தாளுக்குள் இருக்கிறது



ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தரை நாம் எதற்கெல்லாம் புரட்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பாஸ்போர்ட்டுக்குத் திருமணச் சான்று வேண்டும் என்றாலும், பாகப்பிரிவினையில் வாரிசு யார் என்ற கேள்வி எழுந்தாலும், மஹர் எவ்வளவு என்று தகராறு வந்தாலும், கடைசியில் அந்தத் தடித்த புத்தகத்தின் முன்தான் வந்து நிற்கிறோம். எழுதியவர், சாட்சி சொன்னவர், ஓதி வைத்தவர் எல்லோரும் மறைந்த பிறகும் பேசக்கூடிய ஒரே சாட்சி அதுதான்.

அந்தச் சாட்சியும் பல ஊர்களில் மெல்ல மெல்லச் சாகிறது. ஓரம் பழுப்பேறி, பக்கத்தைத் திருப்பினால் அப்பளம் போல் நொறுங்குகிறது. இதில் விந்தை ஒன்றுண்டு. நூறாண்டைக் கடந்த பழைய கையெழுத்துக் கிதாபின் தாள் இன்னும் வளைந்து கொடுக்கும். அதற்கு வெகுகாலம் பின்னால் கடையில் வாங்கிய பேரேட்டின் தாள் உடைந்து உதிரும். கரையானும் இல்லை, மழையும் படவில்லை. பிறகு ஏன்?

"காலம் அப்படி" என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். உண்மையில் ஒரு தாளின் ஆயுளில் பெரும்பகுதி, அது ஆலையில் கூழாக இருக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. என்ன நார், அதோடு என்ன கலந்தார்கள் என்பதுதான் விஷயம். இதை அறிந்துகொள்ள வேதியியல் பட்டம் தேவையில்லை. மத்ரஸாவில் ஓதி, கல்லூரியில் கலைப்பாடம் படித்த நமக்கே விளங்குகிறது என்றால் யாருக்கும் விளங்கும்.

காகிதம் என்றால் என்ன?

தேங்காய் மட்டையை ஊறவைத்து, அடித்து, சோறு நீக்கி நார் எடுப்பதை நம் கடற்கரையில் பார்க்காதவர் இல்லை. காகிதத்தின் தொடக்கமும் அதுவே. தாவரத்தின் உடலில் செல்லுலோஸ் என்னும் நார் இருக்கிறது. அந்த நார்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும் பசைக்கு லிக்னின் என்று பெயர். மரம் நிமிர்ந்து நிற்பதற்கு லிக்னின் வேண்டும். காகிதத்துக்கு அது வேண்டாம். ஆகவே மரத்துண்டுகளைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த நீரில், ஏறத்தாழ 160 முதல் 170 டிகிரி வெப்பத்தில், அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். லிக்னின் கரைந்து கருப்பு நீராக வெளியேறுகிறது. நார் கூழாக மிஞ்சுகிறது. அந்தக் கருப்பு நீரையும் வீணாக்குவதில்லை. அதைச் சுண்டவைத்துக் கொதிகலனில் எரித்து நீராவி எடுக்கிறார்கள். சமையலுக்குப் போட்ட ரசாயனத்தில் பெரும்பகுதியையும் மீட்டுவிடுகிறார்கள்.

கூழை வெளுத்த பிறகு, இயந்திரத்தில் அரைத்து நார்களின் மேற்பரப்பைச் சிலிர்க்க வைக்கிறார்கள். பின்னர் நூற்றுக்கு ஒரு பங்கு அல்லது அதிலும் குறைவாக நாரும், மீதியெல்லாம் தண்ணீருமாக, ஓடிக்கொண்டிருக்கும் வலையின் மேல் ஊற்றுகிறார்கள். தண்ணீர் கீழே இறங்க, நார் மேலே தங்குகிறது. வலைக்காரர்களான நமக்கு இதை விளக்கவே வேண்டாம். பிறகு உருளைகளுக்கு இடையில் பிழிந்து, நீராவியால் சூடேறிய உருளைகளின் மேல் ஓட்டி உலர்த்துகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த நார்களை யாரும் பசை போட்டு ஒட்டவில்லை என்பதுதான். நீர் வெளியேற வெளியேற, செல்லுலோஸ் நார்கள் நெருங்கி வந்து, ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் இயற்கையான ஈர்ப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அதனால்தான் நனைந்த தாள் கையோடு பிய்ந்து வருகிறது. தண்ணீர் மீண்டும் இடையில் புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது.

கரும்புச் சக்கையும் நம் மாநிலமும்

இந்த வித்தையை நேரில் காண விரும்புவோர் கரூர் மாவட்டம் புகளூர் அருகே உள்ள காகிதபுரத்தை நினைவில் கொள்ளலாம். தமிழ்நாடு அரசு 1979-இல் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. 1984-இல் உற்பத்தி தொடங்கியபோது அதன் திறன் ஆண்டுக்கு 90,000 டன். மூங்கில் காடுகளை நம்பாமல், கரும்பாலையில் சாறு பிழிந்த சக்கையை முதன்மை மூலப்பொருளாக எடுத்துக்கொண்டதுதான் அதன் சிறப்பு. சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையைத் தங்கள் கொதிகலனில் எரித்து வந்தன. அவற்றுக்கு மாற்று எரிபொருளுக்கு வழிசெய்து கொடுத்து, சக்கையைப் பெற்றுக்கொண்டார்கள். ஒருவருக்கு விறகாக இருந்தது இன்னொருவருக்கு எழுதும் தாளானது.

சக்கையை அப்படியே வேகவைத்துவிட முடியாது. கரும்பின் உள்ளே பஞ்சு போன்ற சோறு இருக்கிறதே, அது ரசாயனத்தையும் உறிஞ்சும், நீர் வடிவதையும் தடுக்கும். முதலில் அதை நீக்கிவிடுகிறார்கள். சக்கை நாரின் நீளம் சுமார் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். சவுக்கும் தைலமரமும் ஏறக்குறைய அதே ரகம். பைன் போன்ற ஊசியிலை மரங்களின் நார் 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பருத்தி நாரோ இவற்றைவிடப் பல மடங்கு நீளம். நார் நீண்டால் தாள் கிழியாமல் நிற்கும். குட்டையாக இருந்தால் மேற்பரப்பு சீராக வரும். ஆகவே தேவைக்கேற்பக் கலக்கிறார்கள்.

நாருடன் சேருகிறவை

வெறும் நாரில் செய்த தாளில் பேனா வைத்தால் மை பரவிவிடும். தேநீர்க்கடையில் கை துடைக்கும் தாள் அத்தகையது. எழுதத் தகுந்த தாளாக்க மூன்று வகைப் பொருள்களைச் சேர்க்கிறார்கள்.

முதலாவது, நிரப்பி. நார்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களை அடைக்கும் மென்மையான வெள்ளைப் பொடி: வெண்களிமண், டால்க், சுண்ணாம்புக் கல்லின் பொடியான கால்சியம் கார்பனேட். ஒரு பக்கத்தின் எழுத்து மறுபக்கம் தெரியாமல் மறைப்பதும் இதுதான். சாதாரண எழுதுதாளின் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட நிரப்பியாக இருக்கக்கூடும்.

இரண்டாவது, மாவுப் பசை. வேட்டிக்குக் கஞ்சி போடுவதுபோலத் தாளுக்கும் கஞ்சி போடுகிறார்கள். மக்காச்சோள மாவும் மரவள்ளி மாவும் இதற்குப் பயன்படுகின்றன. தாள் விறைப்பாகும், எழுதும்போது நார் எழும்பாது.

மூன்றாவது, நீர்தடுப்பி. மை ஊறாமல் நிற்க வைப்பது இதுவே. நம் தப்தரின் கதையும் இங்கேதான் திரும்புகிறது.

நொறுங்கும் தாளின் ரகசியம்

ஜெர்மனியைச் சேர்ந்த மோரிட்ஸ் இல்லிக் என்பவர் 1807-இல் ஒரு முறையை வெளியிட்டார். ரோசின் என்னும் பைன் மரப் பிசினைக் கூழிலேயே கலந்து, படிகாரத்தைச் சேர்த்தால் அந்தப் பிசின் நாரின் மேல் படிந்துவிடும். மலிவான, எளிய வழி. உலக ஆலைகள் எல்லாம் அதைப் பற்றிக்கொண்டன. பின்னாளில் படிகாரத்துக்குப் பதில் அதே இனத்தைச் சேர்ந்த அலுமினியம் சல்பேட் வந்தது.

ஆனால் இந்த உப்பு தாளுக்குள் அமிலத்தை விட்டுச்செல்கிறது. செல்லுலோஸ் என்பது ஆயிரக்கணக்கான சர்க்கரைக் கண்ணிகள் கோத்த சங்கிலி. அமிலம் இருக்கும் இடத்தில் காற்றின் ஈரம் அந்தச் சங்கிலியை ஆங்காங்கே வெட்டுகிறது. வெட்டும் வேலையில் அமிலம் செலவாகிவிடுவதும் இல்லை. நாள்தோறும், ஓசையின்றி, அலமாரி பூட்டியிருக்கும்போதும் அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். சங்கிலி குட்டையாகக் குட்டையாகத் தாள் வளைய மறந்து உடையத் தொடங்கும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 1840-களில் மரத்தை வேகவைக்காமல் வெறுமனே அரைத்துக் கூழாக்கும் முறை வந்தது. லிக்னின் அப்படியே தாளில் தங்கிவிட்டது. செய்தித்தாளை வெயிலில் போட்டால் சில நாளில் மஞ்சளாவது அதனால்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் அரபுத்தமிழ் நூல்கள் கல்லச்சில் ஏறிப் பரவின. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (மறைவு 1898) போன்ற பெரியவர்களின் உழைப்பு வீடுதோறும் சென்ற காலம் அது. தாள் மலிவானதால் கிதாபு ஏழை வீட்டுக்கும் வந்தது. அதே மலிவு அந்தக் கிதாபின் ஆயுளையும் குறைத்தது. இன்று பல வீடுகளின் பரணில் அவை தூளாகிக்கொண்டிருப்பதற்கு நம் அலட்சியம் பாதிக் காரணம். தாளின் அமிலம் மறுபாதி.

முன்னோர் தாள் ஏன் நின்றது?

அல்குர்ஆனின் ஆறாவது அத்தியாயத்தில் 'கிர்தாஸ்' என்ற சொல் வருகிறது. அது அக்காலத்து எழுதுபொருளைக் குறிப்பது. இன்று நாம் அறிந்த காகிதம் சீனாவில் பிறந்து, எட்டாம் நூற்றாண்டில் சமர்கந்துக்கும், அதன் இறுதியில் ஹாரூன் ரஷீத் காலத்து பாக்தாதுக்கும் வந்தது. நம் 'காகிதம்' என்ற சொல்லே 'காகஸ்' என்ற பாரசீகச் சொல்லின் உறவு.

அந்தக் கைவினைஞர்கள் சணல், ஆளி நாரையும் பழந்துணியையும் பயன்படுத்தினார்கள். நீளமான நார், லிக்னின் மிகக் குறைவு. நீர்தடுப்புக்கு மாவுக் கஞ்சி பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்தார்கள். வட ஆப்பிரிக்காவை ஆண்ட முஇஸ் இப்னு பாதிஸ் பெயரில் வழங்கும் பதினோராம் நூற்றாண்டு நூல் ஒன்று, நாரைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துக் கழுவும் முறையை விவரிக்கிறது. கழுவிய பின்னும் சிறிதளவு சுண்ணாம்பு நாரில் தங்கும். அது பிற்காலத்தில் தோன்றும் அமிலத்தை அணைக்கும். அவர்கள் வேதியியல் சூத்திரம் எழுதவில்லை. ஆனால் தாளுக்குள் ஒரு காவலாளியை வைத்துவிட்டுப் போனார்கள்.

நவீன அறிவியலும் சுற்றி அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, அமிலம் இல்லாமலே வேலை செய்யும் செயற்கை நீர்தடுப்பிகள் வந்தன. அவற்றோடு கால்சியம் கார்பனேட்டை நிரப்பியாகப் போட முடிந்தது. நாரைவிட அது மலிவு, வெண்மையும் கூட. லாபத்துக்காக ஆலைகள் மாறின. தாளின் ஆயுளும் கூடவே நீண்டது. நெடுங்காலம் நிற்கும் தாளுக்கு 1994-இல் வந்த ஐஎஸ்ஓ 9706 என்னும் உலகத் தரநிலை, லிக்னின் மிகக் குறைவாக இருக்க வேண்டும், காரத்தன்மை 7.5 முதல் 10 வரை பிஹெச் அளவில் இருக்க வேண்டும், 2 சதவீத கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரச் சேமிப்பு இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பழைய சுண்ணாம்புதான்!

தீவில் வாழும் நாம் செய்ய வேண்டியது

தங்கச்சிமடத்தில் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. காற்றில் எப்போதும் ஈரமும் உப்பும். அமிலத்தின் வேலைக்கு வேண்டிய வெப்பமும் ஈரமும் இங்கே ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. மேட்டு நிலத்து ஊர்களைவிட நம் கடலோர ஜமாஅத்துகளுக்குக் கவனம் கூடுதலாக வேண்டும்.

புதிய தப்தர் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். 'ஆசிட் ஃப்ரீ', அதாவது அமிலமற்ற தாளில் கட்டித் தரும்படி பைண்டிங் கடையில் சொல்லிச் செய்யுங்கள். பளிச்சென்ற வெண்மை நல்ல தாளுக்கு அடையாளம் அல்ல. அது பெரும்பாலும் ஒளிரூட்டிச் சாயத்தின் வேலை, நாளடைவில் மங்கிவிடும். மலிவான பால்பேனாவின் சாய மையும் வெளிச்சத்தில் மங்கும். நிறமிப் பொடியால் ஆன, நீரில் கரையாத கருப்பு மையே பதிவேட்டுக்கு ஏற்றது.

பழைய தப்தருக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை பழுப்பேறித் தாளைத் தின்னும். லேமினேஷன் செய்தால் அமிலத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. பக்கங்களுக்கு இடையே செய்தித்தாள் துண்டு வைக்காதீர்கள். அதன் அமிலம் பக்கத்துத் தாளுக்கும் பரவும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி, காற்று புழங்கும்படி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஒவ்வொரு பக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்து இரண்டு மூன்று இடங்களில் சேமியுங்கள். மிக நொறுங்கியவற்றை நாமே சீர்செய்யப் போகாமல், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற, பழைய நூல்களைப் பாதுகாத்த அனுபவமுள்ள இடங்களில் ஆலோசனை கேட்பது நல்லது.

பள்ளிவாசலுக்குச் சுவர் எழுப்ப ஆயிரக்கணக்கில் வாரி வழங்கும் சமுதாயம் நாம். ஒரு நல்ல தப்தருக்கு அதில் மிகச் சிறிய பங்கே போதும். நாளை நம் பேத்தி ஒருத்தி தன் உரிமைக்காக அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது எழுத்து இருக்குமா, தூள் இருக்குமா என்பதை இன்று நாம் வாங்கும் தாள் முடிவு செய்கிறது. அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். அமானிதத்தைப் பேணும் வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.