வானத்து ஆறும் உறைந்த ஆறும்

ஆற்றின்மேல் மோட்டார் வண்டி ஓடுவதென்பது வெப்பநாட்டினருக்குக் கட்டுக்கதையாகவே தோன்றும். அலாஸ்காவின் மேற்குப் பகுதியிலோ அது குளிர்கால வழக்கம். பெதல் என்னும் ஊரை அயற்கிராமங்களோடு இணைக்கும் தரைச்சாலை இல்லை. கஸ்கோக்விம் ஆறு உறைந்ததும் அதன் முதுகே சாலையாகின்றது.

இச்சாலைக்குப் பெரும்பகை, பசிபிக் சமுத்திரத்தினின்று நீராவியைச் சுமந்து வடக்கே விரையும் புயல்களாம். சில நூறு கிலோமீற்றர் அகலமும் 2,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமும் உடைய இந்நீராவிப் பட்டைகளை 'வளிமண்டல ஆறுகள்' என விஞ்ஞானிகள் அழைப்பர்.

மழைநீர்தான் பனிக்கட்டியை உருக்குகின்றது என்று எண்ணுவது இயல்பு. கணக்கோ வேறு கூறும். 4 பாகை வெப்பமுள்ள 1 கிலோகிராம் மழைநீர், சுமார் 50 கிராம் பனிக்கட்டியை மட்டுமே உருக்க வல்லது. அதே நிறையுடைய நீராவி குளிர்ந்த பரப்பிற் பட்டு நீராகும்போது ஏறத்தாழ 2,500 கிலோயூல் வெப்பத்தை வெளிவிடும். 1 கிலோகிராம் பனிக்கட்டியை உருக்க 334 கிலோயூல் போதும். ஆகவே, அந்நீராவி 7 கிலோகிராமுக்கு மேற்பட்ட பனிக்கட்டியை உருக்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் மழையினும் தெரியாத ஈரமே வலிது. தாழ்ந்த முகில்களும் போர்வைபோல் மூடி, நிலத்தின் வெப்பம் வெளியேறாது தடுக்கின்றன.

குளிர் கடுமையாயின் அவ்வீரம் வெண்பனியாக விழும். அதனால் ஆறு வலுப்பெறும் என்று கருதுதல் தவறு. வெண்பனி கம்பளம் போன்றது; மேலுள்ள குளிரைக் கீழே இறங்கவிடாது. அதன் பாரத்தால் பனிக்கட்டி தாழ, வெடிப்புகளின் வழியே ஆற்றுநீர் மேலேறி வெண்பனியின் அடியில் உறையாது பரந்து நிற்கும். வழிப்போக்கருக்கு இதனினும் வஞ்சகமான இடம் வேறில்லை.

நடுக்குளிரில் மழை பெய்து வெள்ளம் பெருகினால், மிதக்கும் பனிக்கட்டி மேலுந்தப்பட்டுக் கரையினின்று பிளந்து பெயரும். வசந்தத்தில் வெயிலால் நைந்த பனிக்கட்டி பெரும்பாலும் அமைதியாகக் கரைந்து போகும். நடுக்குளிரில் உடைவதோ கல்போன்ற பாளங்கள். அவை ஆற்றின் வளைவுகளிற் சிக்கி அணையாகி, நீரை ஊருக்குள் திருப்பும். பின்னர் குளிர் திரும்பினால் அவ்வணை அப்படியே இறுகிவிடும்.

பனிக்கட்டி உடையும் நாளை முன்கூட்டிச் சொல்வது எளிதன்று. தனனா ஆற்றங்கரையிலுள்ள நெனானாவில் 1917 முதல் மக்கள் அந்நாளைக் குறித்துப் பந்தயங் கட்டி வருகின்றனர். பனிக்கட்டியில் நாட்டிய மரச்சட்டம் அசைந்ததும் அதனோடு பிணைத்த கடிகாரம் நிற்கும். 1964இலும் 2013இலும் அது மே 20 வரை ஓடியது. 2019இலோ ஏப்பிரல் 14ஆந் திகதியே நின்றுவிட்டது.